சொந்த நிலத்துல "நிறுத்து"ன்னு யாரு சொல்றது?

பேக்டரில வேலை பாக்குறவருக்கு மேல ஒரு சூப்பர்வைசர் இருப்பாரு, ஹெல்மெட் போடலைன்னா சத்தம் போட சேஃப்டி ஆபீசர் இருப்பாரு, மெஷின்ல கவர் இல்லைன்னா லைனையே நிறுத்திப்புடுவாங்க. குடும்பமா பாக்குற விவசாயத்துல முதலாளியும் அப்பாதான், டிரைவரும் அப்பாதான், மெக்கானிக்கும் அப்பாதான். அவர்கிட்ட போய் "இது ஆபத்து, இறங்குங்க"ன்னு யாரு சொல்றது? சொன்னா "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே டிராக்டர் ஓட்டுனவன்டா நான்"னு ஒரே வரியில பேச்சு முடிஞ்சிரும். நான் விவசாயக் குடும்பத்துல பொறந்து இன்னைக்கும் அப்பா, சித்தப்பா, தம்பிகூட சேர்ந்து அதே வேலையைத்தான் பாக்குறேன், கண்ணால பாத்தது, கூட இருந்தவங்க சொன்னது, எங்க வீட்டுல சண்டை போட்டு மாத்துனதுன்னு எல்லாத்தையும் எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

உயிருக்கு ரொம்ப ஆபத்தான தொழில்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொல்ற மூணுல கட்டுமானம், சுரங்கத்தோட விவசாயமும் இருக்கு. பிரிட்டன்ல மொத்த வேலையாட்கள்ல விவசாயத்துல இருக்கிறது 100க்கு 1 அளவுதான், ஆனா வேலை நேரத்துல விபத்துல சாகுறவங்கள்ல கிட்டத்தட்ட 5ல ஒருத்தர் விவசாயத்துல இருந்து வர்றாங்க. சரி சட்டம் இருக்குமேன்னு பாத்தா, அது பெரும்பாலும் நம்ம வேலிக்கு வெளியவே நின்னுருது. 2001ல விவசாயப் பாதுகாப்புக்குன்னே 184ஆம் எண் ஒப்பந்தம் ஒண்ணு சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டு வந்துச்சு, அதுல சொந்தப் பிழைப்புக்கு மட்டும் பயிர் பண்றவங்க சேர்த்தி இல்ல. அமெரிக்காவுல 10 பேரும் அதுக்குக் கம்மியாவும் ஆள் வச்சிருக்கிற பண்ணைன்னா, வேலையாட்கள் தங்குற முகாம் எதுவும் இல்லாதவரைக்கும், மத்திய அரசோட தொழில் பாதுகாப்புத் துறை உள்ள வந்து நடவடிக்கை எடுக்க முடியாது, அந்த 10 பேர்ல சொந்தப் பிள்ளைங்களை எண்ணவே மாட்டாங்க. நியாயமா அநியாயமாங்கிறது வேற பேச்சு. வீட்டுக்குள்ள நாமளே ஒரு ஏற்பாடு பண்ணிக்கலைன்னா வேற யாரும் வந்து பண்ணப் போறதில்ல.

டிராக்டர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா சாவு அதிகமா வர்றது அதுலதான். எங்க பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருத்தர், டிராக்டர் ஓட்டுறதுல அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னு எல்லாரும் சொல்வோம், அவரே டிராக்டர் மல்லாந்துதான் போனாரு. பின்சக்கரம் ரெண்டும் சேத்துல புதைஞ்சு போச்சு. வெளிய எடுக்க ரெண்டு சக்கரத்துக்கும் குறுக்க ஒரு கட்டையைச் சங்கிலி போட்டுக் கட்டி, லோ கியர்ல போட்டு கிளட்சை விட்டுருக்காரு. இது நெறைய பேர் பண்றதுதான், பல தடவை வேலையும் செஞ்சிருக்கும், அதனாலதான் பயம் வர்றதில்ல. ஆனா நடக்கிறது என்னன்னா, இன்ஜின் பின் ஆக்ஸிலை, அதாவது பின்சக்கரம் ரெண்டையும் சேக்கிற தண்டை, சுத்தப் பாக்குது, சக்கரம் சேத்துல கட்டையோட இறுகி நிக்குது, சக்கரம் சுத்த முடியலைன்னா வண்டியே ஆக்ஸிலைச் சுத்தி எந்திரிக்கும். முன்சக்கரம் தரையை விட்டு எந்திரிச்சு வண்டி முழுசா மல்லாந்து டிரைவர் மேல விழ ஒன்றரை வினாடி போதும். அதுலயும் முக்கால் வினாடி தாண்டிட்டா அதுக்கப்புறம் கிளட்சை மிதிச்சாலும் பிரயோஜனம் இல்ல. கண்ணு பாத்து மனசு புரிஞ்சு கால் கிளட்சுக்குப் போறதுக்கே அந்த முக்கால் வினாடி ஆகிடும், அதனால "நான் கவனமா இருப்பேன்"ங்கிற பேச்சுக்கு இங்க இடமே இல்ல, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சரி.

புதைஞ்ச டிராக்டரை முதல்ல ரிவர்ஸ்ல எடுக்கப் பாக்கணும், வரலைன்னா சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி மண்ணை வெட்டணும், அதுலயும் வரலைன்னா இன்னொரு டிராக்டர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். அவ்வளவுதான். இன்னொரு வண்டியை வச்சு இழுக்கும்போது இழுக்கிற வண்டியில சங்கிலியை டிராபார்ல, அதாவது பின்னாடி தாழ இருக்கிற இழுவைக் கம்பியில மட்டும்தான் மாட்டணும், மேல இருக்கிற டாப் லிங்க் கம்பியிலயோ ஆக்ஸில்லயோ மாட்டுனா அந்த இழுவை உயரத்துக்குப் போயிரும், அப்ப இழுக்கப் போன வண்டியும் மல்லாந்திரும். காப்பாத்த வந்த டிராக்டர் கவுந்த கதை நான் கேட்டதுலயே நெறைய இருக்கு.

பக்கவாட்டுல கவுறதுதான் இன்னும் அதிகம். வாய்க்கால் ஓரமா, வரப்பு ஓரமா கடைசி அடி வரைக்கும் உழணும்னு ஒரு ஆசை நம்மகிட்ட இருக்கு, ஒரு சால் மண்ணு வீணாப் போகக் கூடாதுன்னு. ஓரம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாச்சும் தள்ளி நிக்கணும், அதாவது வாய்க்கால் 5 அடி ஆழம்னா சக்கரம் கரையில இருந்து 5 அடியாவது தள்ளி இருக்கணும், மழை பெஞ்சு மண் ஊறி இருந்தா இன்னும் தள்ளி. மிச்சத்தை மம்பட்டியால கொத்திக்கலாம், இல்ல புல்லு வளரட்டும்னு விட்டுறலாம், நாங்க விட்டுட்டோம்.

இன்னொண்ணு, யாரும் பேசாத விஷயம், பிரேக் பெடல். டிராக்டர்ல வலது சக்கரத்துக்கு ஒண்ணு இடது சக்கரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பிரேக் பெடல் இருக்கும், வயல்ல சட்டுன்னு திருப்புறதுக்காக. ரெண்டையும் சேத்துப் பூட்ட ஒரு கொக்கி இருக்கும். வயல்ல இருந்து ரோட்டுக்கு ஏறும்போது அந்தக் கொக்கியைப் போடாம விட்டு, வேகமா போறப்ப அவசரத்துல ஒரு பெடலை மட்டும் மிதிச்சா, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்னு வண்டி அப்படியே சுழண்டு கவுந்திரும், பின்னாடி லோடு டிரெய்லர் இருந்தா சொல்லவே வேணாம். எங்க வீட்டுல வயல் வாசல்ல வண்டியை நிறுத்தி கொக்கியைப் போட்டுட்டுத்தான் ரோட்டுல ஏறணும், இது தம்பி கொண்டு வந்த பழக்கம், அப்பாவே இப்ப மறக்கிறதில்ல.

ரோல் பார், அதாவது டிரைவர் தலைக்கு மேல வரைக்கும் நிக்கிற இரும்புச் சட்டம், அதைப் பத்தி ஒரு வார்த்தை. புது டிராக்டர்ல அது கட்டாயம் இருக்கணும்னு ஸ்வீடன்ல 1959லயே சட்டம் போட்டாங்க, அதுக்கப்புறம் அங்க டிராக்டர் கவுந்து சாகுறது ரொம்பவே குறைஞ்சு போச்சு. கவுறதை அது தடுக்காது, கவுந்தாலும் டிரைவர் நசுங்காம இருக்க ஒரு இடம் விட்டு வைக்கும், அந்த இடத்துக்குள்ள நாம இருக்கணும்னா சீட் பெல்ட் வேணும். இதுல நெறைய பேருக்குக் குழப்பம் இருக்கு, அதனால தெளிவாச் சொல்லிடுறேன்: ரோல் பார் நிமிந்து நின்னா பெல்ட் கண்டிப்பா போடணும், ரோல் பார் இல்லாத வண்டியிலயும் மடக்கி வச்சிருக்கும்போதும் பெல்ட் போடக் கூடாது, போட்டா வண்டிக்கு அடியில நம்மளை நாமளே கட்டிப்போட்டுக்கிற மாதிரி ஆயிரும். மரத்துல இடிக்குதுன்னு மடக்குனா மரத்தடி தாண்டுனதும் நிமித்தணும். பட்டறையில கையில கிடைச்ச பைப்பை வளைச்சு வெல்டிங் பண்ணிக் குடுக்கிறது ரோல் பார் கிடையாது, வண்டி வெயிட்டுக்கு அது ஒடிஞ்சு அதுவே குத்தும்.

அடுத்தது பிடிஓ ஷாஃப்ட், அதாவது டிராக்டர் இன்ஜின் வேகத்தைப் பின்னாடி மாட்டுன மெஷினுக்குக் கொண்டு போற சுத்துற தண்டு. சித்தப்பா கதையை இங்க சொல்லணும். கதிரடிக்கிற மெஷினை ஓட விட்டுட்டு, எதையோ எடுக்க ஷாஃப்டைத் தாண்டி காலை எடுத்து வச்சிருக்காரு, சுத்திப் போனா 10 அடி அதிகம் நடக்கணும், அவ்வளவுதான் விஷயம். ஷாஃப்ட் ஜாயின்ட்ல பின் உடைஞ்சதுக்குப் பதிலா யாரோ ஒரு நீள போல்ட்டைப் போட்டு வச்சிருந்தாங்க, அது கட்டை விரல் நீளத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ஓடும்போது அது கண்ணுக்கே தெரியாது, ஒரு மங்கலான வளையம் மாதிரிதான் இருக்கும். அந்த போல்ட் அவர் சட்டை ஓரத்தைப் பிடிச்சிருச்சு. பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது ஒரு வினாடிக்கு 9 சுத்து, ஒரு வினாடியில ஒரு ஆள் உயரத்துக்கு மேல துணியைச் சுருட்டி இழுத்துரும். அவர் பிழைச்சது ஒரே காரணத்தால, அது நைஞ்சு போன பழைய சட்டை, கிழிஞ்சு கழண்டு போச்சு. இன்ஜினை நிறுத்துன அப்புறம் நான் போய் பாத்தேன், சட்டை ஷாஃப்ட்ல எவ்வளவு இறுக்கமா சுத்தி இருந்துச்சுன்னா விரல் நகம்கூட உள்ள போகல, கத்தியால கீறித்தான் எடுத்தோம், ஒரு பட்டன் துணிக்குள்ள நசுங்கி ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. அவர் விலாவைச் சுத்தி சட்டை இழுத்த தடம் பட்டையா செவந்து ரொம்ப நாள் இருந்துச்சு. புது கெட்டித் துணி சட்டை போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவரே சிரிச்சுக்கிட்டே சொல்வாரு, சித்தி மட்டும் சிரிக்க மாட்டாங்க.

ஷாஃப்டுக்கு மேல பிளாஸ்டிக் கவர் வரும், அது உடைஞ்சா பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்குறதில்ல, "கிரீஸ் அடிக்கத் தொந்தரவு"ன்னு கழட்டி எறியுறவங்களும் உண்டு. கவர் இருந்தா மட்டும் போதாது, ஷாஃப்ட் சுத்தும்போது கவர் சும்மா நிக்கணும், அதுக்குத்தான் ரெண்டு முனையிலயும் சின்னச் சங்கிலி குடுத்திருக்காங்க, அதை மெஷின்ல மாட்டணும். இன்ஜின் நின்ன அப்புறம் கவரைக் கையால திருப்பிப் பாருங்க, லேசா திரும்பலைன்னா உள்ள பேரிங் போயிருச்சு, ஷாஃப்டோட சேந்து கவரும் சுத்தும், அப்ப அது இருந்தும் இல்லாத மாதிரிதான். நீட்டிக்கிட்டு இருக்கிற போல்ட், கழுத்துல சுத்துன துணி, தொளதொளன்னு கை, அவிழ்ந்து தொங்குற முடி, இது நாலும் ஷாஃப்ட் பக்கம் வரவே கூடாது. அடைச்சுக்கிச்சுன்னு கையை விடுற முன்னாடி பிடிஓவைத் துண்டிச்சு, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து நம்ம சட்டைப் பையில போட்டுக்கணும். சாவி நம்ம பையில இருந்தா, நாம குனிஞ்சிருக்கிறது தெரியாம இன்னொருத்தர் வந்து வண்டியைக் கிளப்ப முடியாது. குடும்பத்துக்குள்ள நடக்கிற விபத்துல பாதி இந்த மாதிரி ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணப் போய் வர்றதுதான்னு எனக்குத் தோணும்.

இதுக்கு மேல எழுதப் போறது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். தெரிஞ்சவங்க பண்ணையில மூடி போட்ட சாணக்குழித் தொட்டி ஒண்ணு. பம்பு அடைச்சுக்கிச்சுன்னு ஒருத்தர் ஏணி வச்சு இறங்குனாரு, ரெண்டு மூணு படி இறங்குன உடனே சத்தமே இல்லாம விழுந்துட்டாரு. அவரோட அண்ணன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. கூப்பிட்டாரு, பதில் இல்ல, உடனே காலை உள்ள விட்டுட்டாரு. நாங்க நாலஞ்சு பேர் அவரை இடுப்புல பிடிச்சு வெளிய இழுத்துத் தரையில தள்ளி அவர் மேல உக்காந்துட்டோம். அவர் எங்களை அடிச்சாரு, கடிச்சாரு, "என் தம்பிடா, விடுங்கடா"ன்னு கத்துனது இன்னும் காதுல இருக்கு. ஒருத்தர் தீயணைப்புத் துறைக்கு போன் பண்ணி "தொட்டிக்குள்ள கேஸ்"னு சொன்னாரு, அந்த வார்த்தையைச் சொல்லணும், சொன்னாத்தான் மூச்சுக் கருவியோட வருவாங்க. அவங்க வந்து எடுத்தப்போ தம்பி உயிரோட இல்ல. அண்ணன் ரொம்ப காலம் எங்ககூட பேசல. எங்களைப் பாத்தா வேற பக்கம் திரும்பிப் போவாரு. அதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல, அவர் பிள்ளைங்க அப்பாவோட இருக்காங்க.

அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1986ல வெளியிட்ட எச்சரிக்கையில, இந்த மாதிரி மூடுன இடத்துல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்கதான்னு போட்டிருந்தாங்க. குடும்பத்துல இது இன்னும் மோசமாத்தான் இருக்கும், ஏன்னா உள்ள கிடக்கிறது கூலிக்கு வந்த ஆள் இல்ல, தம்பியோ மகனோ, யாரால சும்மா நிக்க முடியும்? அதனாலதான் இதை முன்கூட்டியே வீட்டுல உக்காந்து பேசி வச்சிருக்கணும், "நான் விழுந்தா நீ இறங்காத, நீ விழுந்தா நான் இறங்க மாட்டேன், போன் பண்ணுவேன், காத்து அடிக்க விடுவேன்"னு வாய் விட்டுச் சொல்லணும். எங்க வீட்டுல சொன்னோம். அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க, அபசகுனமா பேசுறோம்னு, ஆனாலும் சொன்னோம்.

இதுல தப்பா நம்புற விஷயங்கள் சிலது இருக்கு. சாணக்குழியில வர்ற ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமா இருக்கும்போது அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், அதிகமானா மூக்கோட உணர்ச்சியே செத்துரும், அதனால "இப்ப நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்"ங்கிறது நேர் எதிரான முடிவு. குழியைக் கலக்குனா அடங்கி இருந்த கேஸ் மொத்தமா கிளம்பும். விளக்கைக் கட்டி இறக்கிப் பாத்தா போதும்னு பெரியவங்க சொல்வாங்க, ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருந்தா விளக்கு அணையும், நிஜம்தான், ஆனா விளக்கு நல்லா எரிஞ்சுக்கிட்டு இருக்கிற காத்துலயே ஆளைச் சாய்க்கிற அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்க முடியும், மீத்தேன் இருந்தா விளக்கே வெடிக்க வச்சிரும். மூக்குல ஈரத்துணி கட்டுறது எதுக்கும் ஆகாது. ஆழமான கிணறு, டீசல் இன்ஜினை உள்ள இறக்கி ஓட்டுன கிணறு, மூடுன தானியக் கிடங்கு, தீவனம் புளிக்க வைக்கிற சைலோ, எல்லாத்துக்கும் இதே எச்சரிக்கைதான். நாங்க பண்ணுனது, பம்பை மேல இருந்தே கயிறும் கப்பியும் வச்சு வெளிய எடுக்கிற மாதிரி மாத்திட்டோம், தொட்டி வாயில கம்பி வலை வெல்டிங் பண்ணிட்டோம். உள்ள இறங்க வேண்டிய அவசியமே இல்லைன்னா யாரும் வீரம் காட்ட வேண்டியதும் இல்ல.

பிள்ளைங்க விஷயம். மட்கார்டு மேல பிள்ளையை உக்கார வச்சு டிராக்டர் ஓட்டுறது பாசம்னு நாம நினைக்கிறோம், ஒரு குலுக்கல்ல பிள்ளை விழுந்தா நேரா பின்சக்கரத்துக்கு அடியிலதான் விழும். பிரிட்டன்ல விவசாய வேலையில 13 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை டிராக்டர்ல ஏறவே கூடாதுன்னு 1998 விதி சொல்லுது, சொந்த அப்பா ஓட்டுனாலும் சரி. எங்க வீட்டுல ஒரே சீட்டு ஒரே ஆளு, அழுதாலும் கிடையாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பிள்ளைங்க எங்கன்னு கண்ணால பாத்துட்டுத்தான் எடுக்கணும், "வீட்டுக்குள்ளதான் இருக்கும்"னு நினைச்சு எடுத்தா அங்கதான் நடக்கும். பூச்சிமருந்தைப் பத்தியும் ரெண்டு வரி: தண்ணி பாட்டில்ல, கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிறதை இன்னைக்கே நிறுத்துங்க, பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாத்து மருந்தே கிடையாது, ஒரு வாய் போதும். அடிக்கிறவங்களுக்கு மருந்து மூச்சு வழியா போறதைவிட தோல் வழியாத்தான் அதிகம் போகும், அதனால நனைஞ்ச சட்டையை வேலை முடியுற வரைக்கும் போட்டுக்கிட்டு இருக்காம அப்பவே கழட்டிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்க.

கரண்ட் கம்பிக்கு அடியில இரும்பு பைப்பையோ ஏணியையோ நிமித்துற பழக்கம் நெறைய இடத்துல இருக்கு, படுக்க வச்சே தூக்கிட்டுப் போகணும். டிராக்டரோ டிரெய்லரோ கம்பியில பட்டுட்டா இறங்கக் கூடாது, சீட்லயே உக்காந்து மத்தவங்களை விலகி நிக்கச் சொல்லி, கரண்ட் நிறுத்துற வரைக்கும் காத்திருக்கணும். தீப்பிடிச்சா மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்துல தொடாம, ரெண்டு காலையும் சேத்து வச்சுக் குதிச்சு, காலைப் பிரிக்காம தேய்ச்சுத் தேய்ச்சு விலகிப் போகணும், காலை அகட்டி வச்சா தரையில ஓடுற கரண்ட் ஒரு கால் வழியா ஏறி மறு கால் வழியா இறங்கும்.

இதெல்லாம் சரி, அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? என் அனுபவத்துல அறிவுரை வேலை செய்யவே செய்யாது. எங்க அப்பா பழைய டிராக்டரை கீழ நின்னுக்கிட்டே ஸ்டார்ட்டர் மோட்டார்ல ஸ்குரூடிரைவரை வச்சு பைபாஸ் பண்ணிக் கிளப்புவாரு, அது அவருக்கு ஒரு பெருமை. கியர்ல இருந்தா இன்ஜின் பத்துன உடனே வண்டி நகரும், அவர் நிக்கிறது பின்சக்கரத்துக்கு முன்னாடி. எத்தனையோ தடவை பேசிப் பாத்தோம், கோவம்தான் மிச்சம். கடைசியில தம்பி ஒரு வார்த்தை பேசாம எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து சாவி சுவிட்சைச் சரி பண்ணி, நியூட்ரல்ல இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகுற சுவிட்சைப் போட்டு, ஸ்டார்ட்டர் முனையை ஒரு மூடி போட்டு மூடிட்டான். சாவியில ஒரே திருப்புல கிளம்புற வண்டிக்கு ஸ்குரூடிரைவர் எதுக்கு, அப்பாவும் விட்டுட்டாரு. ஆளை மாத்த நினைச்சா மனஸ்தாபம்தான் வரும், மெஷினை மாத்துறது ஈசி.

பேசி ஒத்துக்கிட்ட இன்னொரு விதி, யாரு "நிறுத்து"ன்னு சொன்னாலும், சின்னப் பிள்ளை சொன்னாலும், முதல்ல நிறுத்தணும், ஏன் எதுக்குன்னு அப்புறம் கேக்கலாம். இன்ஜின் சத்தத்துல வாய் கேக்காதுங்கிறதால ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வச்சுக் காட்டுறது எங்க சைகை. இதுவரைக்கும் சும்மா பயந்து நிறுத்துன தடவைதான் அதிகம், தம்பி மகன் ஒரு தடவை பாம்புன்னு கையைக் காட்டுனான், அது கயிறு. யாரும் திட்டல, திட்டுனா அடுத்த தடவை காட்ட மாட்டான்.

வண்டி ஓட்டத் தெரியாதவங்களுக்கும் எல்லா மெஷினையும் நிறுத்தத் தெரிஞ்சிருக்கணும். இது ரொம்ப முக்கியம், ஏன்னா யாராவது மாட்டிக்கிட்டா பக்கத்துல இருக்கிறது பெரும்பாலும் அவங்கதான். பழைய டீசல் டிராக்டர்ல சாவியை ஆஃப் பண்ணுனா இன்ஜின் நிக்காது, ஸ்டாப் நாபைத் தனியா இழுத்துப் பிடிக்கணும், பதட்டத்துல சாவியை உருவி எடுத்துட்டு இன்ஜின் ஓடுதேன்னு நிப்பாங்க. நாங்க எல்லா மெஷின்லயும் நிறுத்துற இடத்துல மட்டும் சிவப்பு பெயின்ட் அடிச்சிருக்கோம். மாட்டுன ஆளை எடுக்கிறேன்னு ஷாஃப்டைத் திருப்பி ஓட்டக் கூடாது, நிறுத்திட்டு, ரத்தம் பீச்சுனா துணியை வச்சு நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். வேலை மும்முரமாகுற காலம் தொடங்குற முன்னாடி ஒரு நாள் அம்மா, சித்தி, பெரிய பிள்ளைங்க எல்லாரும் ஒவ்வொரு மெஷினா போய் ஓட விட்டு நிறுத்திப் பாப்பாங்க. இந்தத் தடவை பழைய டிராக்டர்ல நாபை அம்மாவால இழுக்க முடியல, கேபிள் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. புது கேபிள் மாட்டுற வரைக்கும் அந்த வண்டி ஷெட்டை விட்டு வெளிய வராதுன்னு அம்மாவே சாவியை எடுத்து வச்சுக்கிட்டாங்க, அப்பாவும் ஒண்ணும் சொல்லல.